பார்வை திரும்பிவிட்டது என்று யார் சொல்ல வேண்டும்?

கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்குப் பார்வை திரும்பிவிட்டது என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது? கட்டை அவிழ்த்த மறுநாள் எழுத்துப் பலகையில் அவர் படிக்கும் வரியைக் கொண்டா, அறுத்த மருத்துவரின் கண்ணுக்குத் தெரியும் தெளிவைக் கொண்டா, அவர் மறுபடி வேலைக்குப் போனதைக் கொண்டா, அல்லது அவரே சொல்லும் சொல்லைக் கொண்டா? கேட்க எளிதாக இருக்கும் இந்தக் கேள்விக்கு இந்தியாவில் பல நூற்றாண்டுகளாக வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டு வந்துள்ளன. ஒவ்வொரு விடையும் அது பிறந்த காலத்தின் தேவையிலிருந்து வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குருட்டுப் புள்ளியும் இருந்தது.

தேனி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் போடிநாயக்கனூர், சிலமலை, ராசிங்காபுரம், பொட்டிபுரம், தேவாரம், கோம்பை என்று மலையடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர்களில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் அழுத்தம் உண்டு. இங்கிருந்து பெண்களும் ஆண்களும் ஜீப்பில் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தோ கம்பம்மெட்டு வழியாகவோ இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். சரிவில் நின்று, மர நிழலில் குனிந்து, செடியின் அடியில் தரையோடு கிடக்கும் சரத்தில் முற்றிய காயை மட்டும் பறித்துப் பிஞ்சை விட வேண்டிய வேலை அது. காய் உலர்ந்து இறங்கியபின் போடியில் அதைப் பருமனும் பச்சையும் பார்த்து ரகம் பிரிப்பது இன்னொரு வேலை. இரண்டுமே கண்ணை நம்பிய பிழைப்பு. எனவே கண்புரை அறுவையின் பலனை அளக்கும் முறைகளை இந்தச் சரிவில் நிறுத்திப் பார்ப்பது அவற்றின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டும் என்று கருதுகிறேன்.

சலாகையும் சாட்சியமும்

மிகப் பழைய விடை நோயாளியின் வாயிலிருந்தே வந்தது. சுசுருத சம்ஹிதை விவரிக்கும் முறையில் மருத்துவர் மெல்லிய சலாகையைக் கண்ணுக்குள் செலுத்தி, மங்கிப்போன லென்ஸைப் பார்வைப் பாதையிலிருந்து ஒதுக்குகிறார். நோயாளிக்கு உருவங்கள் தெரிந்தபின் சலாகை வெளியே எடுக்கப்படுகிறது. அதாவது, பலனுக்கான சான்று அந்த நொடியில் அவர் கண்டது. இந்த முறையைக் கைக்கொண்டு ஊர் ஊராகச் சென்ற வைத்தியர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இந்தியாவெங்கும் இருந்தார்கள். இருட்டிலிருந்து சட்டென்று வெளிச்சத்துக்கு வந்தவரின் மகிழ்ச்சிதான் அவர்களுக்கு விளம்பரம். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி இதிலிருந்து சற்று விலகிய ஒன்றைச் செய்தார். அவர் காலத்துக் கண் நோயாளிகளின் நோய்க்குறிப்புகள் கண்களின் ஓவியங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் எஞ்சியுள்ளன. சிகிச்சையை எழுதிவைக்க வேண்டும், படமாக்கிவைக்க வேண்டும் என்ற எண்ணம் தமிழகத்தில் அப்போதே இருந்ததற்கு அவை சாட்சி.

நொடிநேரச் சான்றின் மீது விழுந்த கடுமையான அடி சென்னையிலிருந்து வந்தது. 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், சலாகை வைத்தியம் பற்றி 1917இல் லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியில் உரையாற்றினார். ஒதுக்கப்பட்ட லென்ஸ் கண்ணுக்குள்ளேயே கிடப்பதால் பின்னர் வரும் அழற்சி, கண் அழுத்தம், கிருமித்தொற்று ஆகியவற்றை அவர் விரிவாக எடுத்துவைத்தார். அன்று தெரிந்த வெளிச்சம் நிலைக்கவில்லை, வைத்தியர் அடுத்த ஊருக்குப் போனபின் கண் போய்விடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். மருத்துவ நோக்கில் அவர் சொன்னது சரி என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அவர் வாதத்திலும் ஓர் இடைவெளி இருந்தது. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் கெட்டுப்போன கண்ணோடு வந்தவர்களே. கெடாதவர்கள் வரத் தேவையில்லை. வந்தவரை மட்டும் வைத்து வராதவரையும் மதிப்பிடும் இந்தச் சிக்கல் எலியட்டோடு முடியவில்லை. பின்னர் வந்த ஒவ்வொரு அளவுகோலிலும் அது வெவ்வேறு வடிவில் தலைகாட்டுகிறது. என்றாலும், எப்போது கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்று நிறுவியது அவர் பங்களிப்பு.

எண்ணிக்கையின் காலம்

விடுதலைக்குப் பின் கேள்வியே மாறிப்போனது. பார்வையின்மை தேசியப் பிரச்சினையாகக் கணக்கிடப்பட்டபோது எத்தனை பேருக்கு அறுவை செய்தோம் என்பதே முதல் அளவானது. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976இல் தொடங்கியது. அதே ஆண்டு மதுரையில், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் கிளை 1985இல் தேனிக்கு வந்தது. 1994இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய கண்புரைத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. எண்ணிக்கையை இலக்காக வைத்ததை இன்று குறை சொல்வது எளிது. புரையால் பார்வையிழந்த இலட்சக்கணக்கானோர் அறுவைக்கு வழியின்றி வீட்டுத் திண்ணையில் முடங்கியிருந்த காலத்தில் அதைவிட அவசரமான அளவு வேறொன்று இருந்திருக்க முடியாது.

ஆனால் அறுவைகளை எண்ணும் கணக்கு, அறுக்கப்பட்டவர் பின்னர் எப்படி வாழ்ந்தார் என்பதைத் தொடவில்லை. அன்றைய முறையில் லென்ஸை உறையோடு முழுவதுமாக எடுத்துவிடுவார்கள். அதற்கு ஈடாகக் கிடைத்தது சோடாபுட்டிக் கண்ணாடி. ஏறத்தாழ பத்து டயாப்டர் வலிமையுள்ள அந்தக் கண்ணாடி, பொருள்களைக் கால் பங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டும். பக்கவாட்டில் ஒரு வளையம் முழுக்கத் தெரியாமல் மறைந்து, தலையைத் திருப்பியதும் ஆளோ மாடோ திடீரென முளைத்தாற்போல் வந்து நிற்கும். ஒரு கண் மட்டும் அறுக்கப்பட்டிருந்தால் இரு கண்களின் பிம்பங்களும் அளவில் பொருந்தாது. சமதரையில் பழகிக்கொள்ளலாம். ஏலமலைச் சரிவில் அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதே அந்தக் கண்ணாடிக்குள் பொய்யாகத் தெரிந்திருக்கும். கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ அறுவைக்கு முந்தைய நிலைக்கு அருகே திரும்ப வேண்டியதுதான். பலகையில் வரி படித்தவர் என்று பதிவேட்டில் இருந்தவருக்கும் ஓடையைத் தாண்டத் தயங்கியவருக்கும் இடையே இருந்த தூரத்தை அந்தக் காலத்து எந்தப் படிவமும் கேட்கவில்லை.

அறுவைக்கு மக்கள் ஏன் வரவில்லை என்ற ஆய்வுகள்தான் நோயாளியின் அனுபவத்தை மறுபடி மையத்துக்குக் கொண்டுவந்தன. தென்னிந்தியக் கிராமங்களில் நடந்து 1991இல் வெளியான ஒரு சோதனை ஆய்வு, வெவ்வேறு வகையான ஊக்குவிப்புகளை ஒப்பிட்டது. முழுச் செலவையும் ஏற்பதோடு, ஏற்கெனவே அறுவை செய்துகொண்ட ஒருவர் வீடு வீடாகச் சென்று பேசுவதும் நல்ல பலன் தந்ததாக அது கண்டது. சிகிச்சை இலவசம் என்றாலும் துணைக்கு வரும் ஆளின் கூலி இழப்பு, சாப்பாடு, பஸ் செலவு, பயம் ஆகியவை இலவசமாவதில்லை. இவற்றில் பயத்தை விலக்கியது மருத்துவரின் உறுதிமொழியைவிட அனுபவித்தவரின் சொல். நோயாளியின் சொல்லுக்கு மக்களிடம் இருந்த இந்த மதிப்பை மருத்துவம் தன் அளவுகோலுக்குள் எடுத்துக்கொள்ள இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

மதுரையில் உருவான வினாத்தாள்

1990களில் அரவிந்த் மருத்துவமனையில் நடந்த இரண்டு முயற்சிகள் இந்த வரலாற்றின் திருப்புமுனை என்பது என் மதிப்பீடு. முதலாவது, கண்புரை நோயாளிகளின் பார்வைச் செயல்பாட்டையும் வாழ்க்கைத் தரத்தையும் அளப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட வினாத்தாள். லண்டனைச் சேர்ந்த ஆஸ்ட்ரிட் ஃபிளெட்சர், அமெரிக்க தேசியக் கண் நிறுவனத்தின் லியோன் எல்வைன் ஆகியோர் அரவிந்த் ஆய்வாளர்களோடு சேர்ந்து அதை உருவாக்கி 1997இல் வெளியிட்டார்கள். அது எழுத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பக்கவாட்டுப் பார்வை, வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் போகும்போது கண் பழகுவது, ஆழத்தையும் தூரத்தையும் உணர்வது, தன் வேலையைத் தானே செய்துகொள்வது, நடமாட்டம், உறவுகளோடு கலந்து பழகுவது, மனநிலை ஆகியவற்றைக் கேட்டது. பள்ளிக்கூடம் போகாத ஒரு மூதாட்டியும் பதில் சொல்லக்கூடிய கேள்விகள் அவை. பின்னர் நேபாளத்திலும் சீனாவிலும் நடந்த கள ஆய்வுகள் இதே வினாத்தாளைப் பயன்படுத்தின.

இரண்டாவது, மதுரை உள்விழி லென்ஸ் ஆய்வு. இரு கண்ணும் பார்வையிழந்த 3,400 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பழைய முறையில் லென்ஸை எடுத்துக் கனத்த கண்ணாடியும், மற்றவர்களுக்கு உறையை விட்டுவைத்துக் கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸும் தந்தார்கள். லண்டனில் ஹரோல்ட் ரிட்லி 1949இலேயே முதல் உள்விழி லென்ஸைப் பொருத்திவிட்டார். ஆனாலும் ஏழை நாடுகளுக்கு அது ஆடம்பரம், விலை தாங்காது, தேர்ந்த கை வேண்டும் என்ற வாதம் 1990கள்வரை வலுவாக இருந்தது. அந்த வாதத்துக்கு நியாயமும் உண்டு, ஏனெனில் நல்ல கண்ணாடி போட்டு அளந்தால் இரு பிரிவிலும் பெரும்பாலோர் பலகையை நன்றாகவே படித்தார்கள். பலகையை மட்டும் கேட்டிருந்தால் பழைய முறையே போதும் என்று வாதாடியிருக்கலாம். வினாத்தாளைக் கேட்டபோதுதான் லென்ஸ் வைத்தவர்களின் அன்றாட வாழ்க்கையில் கிடைத்த கூடுதல் பலன் தெளிவாகத் தெரிந்தது. 1998இல் வெளியான இந்த முடிவுகளும், 1992இல் தொடங்கிய, அரவிந்தின் லென்ஸ் தயாரிப்பு நிறுவனமான ஆரோலேப், நூறு டாலருக்கு மேல் விற்ற லென்ஸை ஏறத்தாழ பத்து டாலருக்குக் கொண்டுவந்ததும் சேர்ந்தே இலவசக் கண் முகாம் வழியாக வரும் நோயாளிக்கும் லென்ஸ் என்ற நிலையை உண்டாக்கின. இதற்கு முழுக் காரணம் வினாத்தாள்தான் என்று சொல்ல முடியாது. விலை குறையாமல் சான்று மட்டும் எதையும் மாற்றியிருக்காது. ஆனால் நோயாளியின் அனுபவம் வெறும் ஆறுதல் தகவலாக நில்லாமல், எந்த அறுவை சிறந்தது என்று தீர்ப்புச் சொல்லும் சான்றாக இங்கே நின்றது. இதைத் தமிழகம் பெருமையோடு நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கூலியால் அளப்பவர்கள்

இன்னொரு தரப்பு, பார்வையின் பலனைப் பிழைப்பில் தேடியது. 1980களின் தொடக்கத்தில் ஜொனாதன் ஜாவிட், வெங்கடசாமி, ஆல்ஃப்ரட் சோமர் ஆகியோர் தென்னிந்தியாவில் செய்த ஆய்வு, பார்வை இழந்ததால் வேலையும் இழந்த ஆண்களில் 85 விழுக்காட்டினரும் பெண்களில் 58 விழுக்காட்டினரும் அறுவைக்குப் பின் வேலைக்குத் திரும்பியதாகச் சொன்னது. கண்புரை அறுவைக்கு அரசுகள் பணம் ஒதுக்க வேண்டும் என்று வாதிடுவோர் நெடுங்காலம் கையில் எடுத்த எண்கள் இவை. கென்யா, வங்கதேசம், பிலிப்பைன்ஸ் ஆகிய மூன்று நாடுகளில் ஒப்பீட்டுக் குழுவோடு நடந்து 2010இல் வெளியான ஆய்வும், ஓராண்டுக்குப் பின் அறுவை செய்தவர்கள் கூடுதல் நேரம் வேலையில் ஈடுபட்டதையும் வீட்டுச் செலவு உயர்ந்ததையும் காட்டியது.

நிதி அமைச்சகத்தை அசைக்க இந்த வாதம் உதவும். ஆனால் அதன் பலவீனம் 85க்கும் 58க்கும் இடையிலேயே கிடக்கிறது. வேலைக்குத் திரும்பாத பெண்களுக்குப் பார்வை திரும்பவில்லை என்று பொருளல்ல. அடுப்பு, பேரப்பிள்ளை, ஆடு, மாடு என்று கூலிக் கணக்கில் ஏறாத வேலைக்கு அவர்கள் திரும்பியிருக்கலாம். இல்லையேல் எழுபது வயதில் யார் துணையும் இன்றிக் கழிப்பறைக்குப் போகத் திரும்பியிருக்கலாம். அதற்கு விலை போட முடியாது என்பதற்காக அதைப் பலனல்ல என்று ஒதுக்கிவிட முடியாது. வருமானம் அறுவையால் மட்டும் ஏறுவதுமில்லை. ஏலக்காய் விலை, மழை, தோட்டக் கூலி எல்லாம் அதற்குள் கலந்திருக்கின்றன.

நோயாளியின் சொல்லை எவ்வளவு நம்பலாம்?

நோயாளியையே கேட்க வேண்டும் என்போருக்கு எதிராக மூன்று வாதங்கள் முன்வைக்கப்படுகின்றன. முதலாவது, நன்றியுணர்வு. இலவசமாகச் சிகிச்சை பெற்றவர், மருத்துவமனை ஊழியரே வந்து கேட்டால் குறை சொல்வாரா? இந்த ஐயம் நியாயமானது. நம் ஊரில் செய்த உதவியைக் குறை சொல்வது பண்பில்லாத செயல். ஆனால் திருப்தியா என்று கேட்பதும், இருட்டியபின் தனியாக நடக்க முடிகிறதா என்று கேட்பதும் ஒன்றல்ல. மதுரை வினாத்தாள் கேட்டது பின்னதை. கேட்பவர் மருத்துவமனையைச் சாராதவராக இருந்தால் ஐயம் இன்னும் குறையும். இரண்டாவது வாதம், புரை முற்றிய நிலையில் வந்தவர் எந்த முன்னேற்றத்தையும் பெரிதாகவே சொல்வார், அதனால் நல்ல அறுவைக்கும் சுமாரான அறுவைக்கும் வித்தியாசம் தெரியாது என்பது. இதிலும் உண்மை உண்டு. அதனால்தான் 2009இல் வெளியான கேட்க்வெஸ்ட் போன்ற பிந்தைய வினாத்தாள்கள் எளிய செயல்களோடு கடினமான செயல்களையும் அளக்கும்படி திருத்தி அமைக்கப்பட்டன.

மூன்றாவது வாதமே வலுவானது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் 40 மருத்துவமனைகளில் சுமார் 3,700 பேரைப் பின்தொடர்ந்து 2013இல் வெளியான ஆய்வு, அறுவை முடிந்த முதல் மூன்று நாளில் அளந்த பார்வையே மருத்துவமனையின் தரத்தை ஒப்பிடப் பெரும்பாலும் போதுமானது என்றது. எல்லோரையும் தேடிப்போய் அளப்பதற்குச் செலவிடும் பணத்தில் இன்னும் பலருக்கு அறுவை செய்யலாமே என்பது அதைச் சார்ந்து எழும் கேள்வி. எலியட் காலம் முதல் வந்த 'வராதவர்' சிக்கலுக்கு, மூன்று நாளுக்குள் அளப்பது ஒரு நேர்மையான விடையும்கூட. ஒரு மருத்துவமனையின் கைத்திறனை மதிப்பிட இந்த விடை போதும் என்று நானும் ஏற்கிறேன். ஒரு மனிதரின் மீட்சியை மதிப்பிடப் போதாது. மூன்றாம் நாளில் தெரியாதவை பல. லென்ஸுக்குப் பின்னால் விட்டுவைத்த உறை மாதங்கள், ஆண்டுகள் கழித்து மங்கும். புரை திரும்ப வந்துவிட்டது என்று நோயாளிகள் நினைத்துக்கொள்வது இதைத்தான். சில நிமிட லேசர் சிகிச்சையில் சரியாகும் அந்தக் குறையோடு, இனி அவ்வளவுதான் என்று ஒருவர் வீட்டிலேயே இருந்துவிட்டால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது.

சரிவில் விடுபடுபவை

இன்றைய உலக அளவுகோல், அறுவை தேவைப்பட்டவர்களில் அறுவை செய்துகொண்டு நல்ல பார்வையும் பெற்றவர் எத்தனை பங்கு என்று கேட்கிறது. 2021இல் உலக சுகாதாரப் பேரவை, 2030க்குள் இந்தப் பங்கை 30 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்த இலக்கு வைத்தது. எண்ணிக்கையையும் தரத்தையும் ஒன்றாகக் கட்டிய இது பெரிய முன்னேற்றம். ஆனால் இதுவும் தூரப் பார்வையின் அளவுதான். வழக்கமாக வைக்கப்படும் லென்ஸ் தூரத்துக்கென்று கணக்கிடப்பட்டது. கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதைப் பார்க்கத் தனிக் கண்ணாடி வேண்டும். காய் எடுப்பதும் ரகம் பிரிப்பதும் கைக்கெட்டும் தூரத்து வேலைகள். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்து வேலைக்கான கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. கண்ணாடி பெற்றவர்களின் பறிப்புத் திறன், பெறாதவர்களைவிட 21.7 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. அது கண்புரை பற்றிய ஆய்வல்ல, தேயிலையும் ஏலக்காயல்ல. இருந்தாலும் தோட்டத் தொழிலாளிக்குக் கிட்டப் பார்வை எவ்வளவு பெறும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று அரிது.

நிறமும் அப்படித்தான். முற்றிய புரை மஞ்சளும் பழுப்புமாக நின்று நீல ஒளியைத் தடுக்கும். அதை எடுத்ததும் உலகம் நீலம் பூத்துத் தெரியும். ஓவியர் கிளாட் மொனே 1923இல் அறுவை செய்துகொண்டபின் அனுபவித்த நிறக் குழப்பம் உலகறிந்தது. ஒரு கண்ணுக்கு மட்டும் அறுவை முடிந்திருக்கும் காலத்தில் இரு கண்ணும் இரு வேறு பச்சையைக் காட்டும். பச்சையின் தரத்தில் விலை நிற்கும் சரக்கைப் பிரிப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் பாதிக் கலக்கம் தீரும். இரண்டாவது கண் இன்னும் சிக்கலானது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் மூதாட்டிகளிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், முதல் கண்ணுக்குத் தாமதமின்றி அறுவை செய்தவர்கள் கீழே விழுவது 34 விழுக்காடு குறைந்தது. இரண்டாவது கண்ணுக்கு அதே குழு செய்த ஆய்வு அவ்வளவு உறுதியான விடை தரவில்லை. ஆனால் இரு கண் சேர்ந்தால்தான் ஆழம் நுட்பமாகத் தெரியும் என்பதால், சமதரை நகரத்து முடிவை மலைச்சரிவுக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது. ஒரு கண் தெரிந்தால் போதும் என்று இரண்டாவதைத் தள்ளிப்போடும் வழக்கத்துக்குப் பின்னால் சோம்பல் இல்லை. மறுபடி இழக்க வேண்டிய கூலி நாள்களின் கணக்கு இருக்கிறது.

பாதுகாப்பு பற்றிய கவலைக்கு மட்டும் விடை ஓரளவு உறுதியாகக் கிடைத்துள்ளது. அறுவையின் முடிவில் கண்ணுக்குள்ளேயே மாக்ஸிஃப்ளாக்சசின் மருந்தைச் செலுத்தும் முறை வந்தபின் உட்கண் தொற்று 0.07 விழுக்காட்டிலிருந்து 0.02 ஆகக் குறைந்ததை, 20 இலட்சம் அறுவைகளைக் கொண்ட அரவிந்தின் பதிவுகள் காட்டுகின்றன. பயத்தோடு இருப்பவரிடம் தயங்காமல் சொல்லத்தக்க எண்கள் இவை.

எஞ்சி நிற்கும் கேள்விகள்

மேற்சொன்ன எந்த அளவும் மற்றதை முற்றாகத் தள்ளிவிடவில்லை. கைத்திறனுக்கு மூன்றாம் நாள் பார்வை, திட்டமிடலுக்கு எண்ணிக்கை, வரவுசெலவுத் திட்டத்துக்கு வருமானம் என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம் உண்டு. ஆனால் ஒருவர் மீண்டாரா என்ற கேள்விக்கு அவர் திரும்பிப்போன வேலையையும் இடத்தையும் வைத்து அவரையே கேட்பதுதான் நெருங்கிய விடை தரும் என்பதே சான்றுகளின் சாய்வு. எத்தனை மாதம் கழித்துக் கேட்பது, யார் கேட்பது, சரிவிலும் நிழலிலும் செய்யும் வேலைக்கு எந்தக் கேள்விகள் பொருந்தும், இரண்டாவது கண்ணை எப்போது செய்வது என்பவை இன்னும் தீரவில்லை.

இவற்றைத் தீர்க்கத் தேனியைவிடப் பொருத்தமான களம் குறைவு. தொழில்நுட்பப் பணியாளர் கண்ணைச் சோதிக்க, மருத்துவர் திரை வழியாக நோயாளியோடு பேசும் பார்வை மையங்கள் இருபது ஆண்டுகளாக இந்த மாவட்டத்தின் சிற்றூர்களை மருத்துவமனையோடு இணைத்து வருகின்றன. அறுவை முடிந்து ஓராண்டு ஆனவர்களைப் போடியிலும் பொட்டிபுரத்திலும் தேவாரத்திலும் அவர்கள் வீட்டு வாசலிலேயே சந்தித்து, ஜீப்பில் ஏறி இறங்க முடிகிறதா, காய்க்கும் பிஞ்சுக்கும் வித்தியாசம் தெரிகிறதா, கிட்டத்துக் கண்ணாடி கையில் இருக்கிறதா, அடுத்த கண் என்னவாயிற்று என்று மருத்துவமனையைச் சாராத ஒருவர் கேட்கும் கள ஆய்வை மருத்துவக் கல்லூரியோ, மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கமோ, தோட்டத் தொழிலாளர் அமைப்புகளோ முன்னெடுக்க வேண்டும்.